முத்திரையைப் பார்த்துப் பணம் கட்டினோம்: ஒரு ஞாயிறு தையல் வகுப்பு பற்றிய எச்சரிக்கை

இலங்கையின் மலையகத்தில், நோர்வூட்டைத் தாண்டிப் பொகவந்தலாவைக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஹட்டன் நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடத்தப்பட்ட வளர்ந்தோருக்கான தையல் வகுப்பில் நானும் என் மதினியும் சேர்ந்து, பணத்தையும் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் இழந்தோம். அந்த நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது; பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு பதாகை அடிக்கும் செலவு மட்டுமே ஆகும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பிள்ளைகளின் சீருடையைக் கூட வெளியில் கொடுத்துத் தைக்கும் நிலையை மாற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அரச பயிற்சி நிலையங்களில் தையல் கற்பிக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் நான் விசாரித்தவை எல்லாம் வாரநாட்களில் முழுநேரமாக நடப்பவை, வேலைக்குச் செல்பவர்களுக்குப் பொருந்தாதவை. அதனால்தான் பஸ் நிலையத்தில் கொடுத்த துண்டுப்பிரசுரம் என்னை இழுத்தது. ‘ஒரு வகுப்பில் ஐந்து பேர் மட்டும், ஆளுக்கொரு ஜூகி இயந்திரம், அனுபவமிக்க போதனாசிரியர், அரச அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், புத்தாண்டுக்குள் உங்கள் சட்டையை நீங்களே தைப்பீர்கள்’ என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. ஜூகி என்பது ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் மின் தையல் இயந்திர வகை. கொழுந்து பறிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட என் மதினியிடம் அதைக் காட்டியவள் நான்தான். முழங்கால் வலியோடு இன்னும் எத்தனை காலம் மலை ஏறுவது, வீட்டிலேயே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டால் நல்லது என்று அவர் அடிக்கடி சொல்லிவந்தார். அவரைச் சேர்த்துவிட்டது என் பேச்சு என்பதால், என் பணம் போனதை விட அவருடைய பணம் போனதே எனக்குக் கனமாக இருக்கிறது.

கட்டணம் 43,000 ரூபாய். முதல் வகுப்புக்கு முன் முழுவதையும் செலுத்தினால் 5,000 ரூபாய் கழிவு என்றார்கள். அப்போது தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதாவது 38,000 ரூபாய் என்பது ஏறத்தாழ இருபத்தெட்டு முழுப் பேர் (பேர் என்பது ஒரு நாள் வேலைக்குப் பதியும் சம்பளக் கணக்கு). கொழுந்து குறைந்து அரைப் பேர் விழும் நாட்களையும் ஊழியர் சேமலாப நிதிக் கழிவையும் சேர்த்தால் அதற்கும் மேல். மதினி தான் பிடித்திருந்த சீட்டைக் கழிவுக்கு எடுத்து அந்தத் தொகையைக் கொண்டுவந்தார். அலுவலக அறையில், பொறுப்பாளரின் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. இலச்சினை, முத்திரை, உத்தியோகத்தரின் கையொப்பம் எல்லாம் இருந்தன. எழுத்து சிங்களத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியும். ஆனாலும் நான் வாசிக்கவில்லை. “பாருங்க மிஸ், கவர்மென்ட் ரெஜிஸ்டர் பண்ணின இடம்” என்று அவர் கையைக் காட்டினார்; நாங்கள் முத்திரையைப் பார்த்தோம், பணத்தை எண்ணி வைத்தோம். கிடைத்த பற்றுச்சீட்டில் ‘கட்டணம் பெறப்பட்டது’ என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன. பாடநெறியின் பெயரோ, மணித்தியாலங்களோ, எத்தனை பேர் கொண்ட வகுப்பு என்பதோ அதில் இல்லை.

ஜனவரி 19ஆம் திகதி நடந்த முதல் வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த ஒரு பெண்மணிதான் போதனாசிரியர். மார்பளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து அதனுடன் தளர்வுக்கான அளவைச் சேர்ப்பது, கைக்குழியின் வளைவை முன்பக்கத்துக்குச் சற்று ஆழமாகவும் பின்பக்கத்துக்குச் சற்று மேலோட்டமாகவும் வரைவது, துணியை மூலைவாட்டில் வெட்டினால் ஏன் இழுபடுகிறது என்பது ஆகியவற்றை அவர் பழுப்புத் தாளில் வரைந்தும் துண்டுத் துணியை எங்கள் கையில் கொடுத்து இழுக்கச் செய்தும் காட்டினார். ஒவ்வொருவருடைய தாளையும் வாங்கிப் பார்த்து, பிழையான இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி மட்டும் வைத்து, திருத்துவதை எங்களிடமே விட்டார். நானும் கற்பிப்பவள் என்பதால், அது நல்ல ஆசிரியையின் கை என்று எனக்கு உடனே தெரிந்தது. அன்று நாங்கள் ஏழு பேர் இருந்தோம். ஐந்து என்றது ஏழாகியிருந்தாலும் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இரண்டாம் வாரம் பதினொரு பேர். நான்காம் வாரம் பத்தொன்பது பேர். புதிதாக வந்தவர்களுக்காகப் பாடம் மீண்டும் அளவெடுப்பதிலிருந்து தொடங்கியது. முதலில் வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அறையில் இருந்த நான்கு இயந்திரங்களில் ஒன்று பழுது. ஜூகி என்று ஒன்றே ஒன்று இருந்தது. மற்றவை காலால் மிதிக்கும் வீட்டுப் பாவனை இயந்திரங்கள். காத்திருந்த நேரத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மணித்தியால வகுப்பில் மூன்று இயந்திரங்கள் ஒரு கணமும் ஓய்வின்றி ஓடினாலும் மொத்தம் 720 நிமிடங்கள். அதைப் பத்தொன்பது பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 38 நிமிடங்கள் கூட வராது. நூல் கோப்பது, அடிநூலுக்கான பொபின் சுற்றுவது, இடம் மாறி உட்காருவது எல்லாம் இதற்குள் அடக்கம். தையல் என்பது கண்ணால் பார்த்துக் கற்கும் பாடமன்று. காலும் கையும் ஒரே வேகத்துக்குப் பழக வேண்டும். அதற்கு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தைத் தவிர வேறு வழி கிடையாது. சிறு வகுப்பு என்பதற்காகத்தான் கூடுதல் பணம் வாங்கினார்கள், அந்த ஒன்றைத்தான் அவர்கள் தரவில்லை.

ஐந்தாம் வாரம் போதனாசிரியர் வரவில்லை. சுகமில்லை என்றார்கள். ஆறாம் வாரமும் அதே பதில். ஏழாம் வாரத்திலிருந்து, முந்தைய குழுவில் படித்து முடித்ததாகச் சொல்லப்பட்ட இருபது வயதுப் பெண் ஒருவர் எங்களுக்குக் கற்பித்தார். அந்தப் பிள்ளையின் மீது எனக்குக் கோபம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தியிருந்தார்கள். மதினி தைத்த துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியபோது, “மெஷின் பழசு அக்கா, அப்படித்தான் வரும்” என்று சொல்லி அடுத்தவரை உட்காரச் சொன்னார். மூன்று வாரம் மதினியின் ஒவ்வொரு தையலும் அப்படியே வந்தது. தனக்குக் கை வராது என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டார்.

பிறகு, கடைத்தெருவின் பின்புறம் நெடுங்காலமாகத் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அந்தத் துணியைக் காட்டினேன். அவர் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மேல்நூல் இழுவைத் தட்டுக்குள்ள உட்காரல்லம்மா. பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோர்க்கணும்” என்றார். துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதம் இறங்கியிருந்தால், நூலுக்கு இறுக்கம் கொடுக்கும் இழுவைத் தட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி நூலை உள்ளே விடாது. அதனால் மேல்நூல் தளர்ந்து அடியில் வளையமாக விழும். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. வகுப்பில் பத்தொன்பது பேரும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோர்த்துக்கொண்டிருந்தோம்.

கத்தரிக்கோல், அளவுநாடா, துணி கொண்ட பொதியை அவர்களிடமே வாங்க வேண்டும் என்று 6,500 ரூபாய் எடுத்ததை நான் விரிவாகச் சொல்லப்போவதில்லை; வெளியில் அதன் பாதி விலைக்குக் கிடைக்கும்.

ஏப்ரல் 6ஆம் திகதி கடைசி வகுப்பில், ‘என்.வி.கியூ. நிலை 4’ சான்றிதழ் வேண்டுமானால் மேலதிகமாக 7,500 ரூபாய் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, வெட்கப்படும் அளவுக்குத் தாமதமாக. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை ஏழு நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை என்பது ஒரு தொழிலைத் தனித்து நின்று முழுமையாகச் செய்யக்கூடியவருக்கு உரியது. அதற்கு, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து செய்முறையைப் பார்த்து மதிப்பிட வேண்டும். நிலையம் தன் விருப்பப்படி அச்சடித்துக் கொடுக்கும் தாள் அன்று அது. ஏட்டில் நாற்பத்தெட்டு மணித்தியாலமும் இயந்திரத்தின் முன் சில மணித்தியாலங்களும் கழித்த எங்களுக்கு அந்தத் தகைமையைத் தருவதாகச் சொன்னது, எங்களுக்கு எதுவும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான்.

அன்று வெளியேறும்போது சுவரில் இருந்த சான்றிதழைத் தொலைபேசியில் படம் எடுத்து, எங்கள் பாடசாலையின் சிங்கள ஆசிரியையிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். அது வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் கிடைப்பது போன்ற அதே பதிவு. இந்தப் பெயரில் இந்த முகவரியில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. கற்பிக்கத் தகுதி உண்டா, இயந்திரம் உண்டா என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. தொழிற்பயிற்சி அளிக்கும் நிலையம் பதிவு செய்ய வேண்டிய இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அமைப்பு அது. பதிவுபெற்ற நிலையங்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் உள்ளது. எங்கள் நிலையம் அதில் இல்லை. இன்னொன்றையும் அப்போது தெரிந்துகொண்டேன்: நிலையம் பதிவுபெற்றிருப்பதும், அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பதும் இரு வேறு விடயங்கள். கணினிப் பாடநெறிக்குத் தரச்சான்று பெற்ற ஓர் இடம், அதைக் காட்டியே தையலுக்கும் ஆள் சேர்க்கலாம். எனவே எந்தப் பாடநெறிக்கு, எந்த நிலைக்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது பொறுப்பாளரின் குரல் மாறிவிட்டது. ஐந்து பேர் என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை என்றார். துண்டுப்பிரசுரத்தை நான் எப்போதோ எறிந்துவிட்டிருந்தேன். மதினியின் மகன் அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் தன் நண்பனுக்கு அனுப்பி வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். திகதியோடு அது அவனுடைய தொலைபேசியில் இருந்தது. அதை அச்செடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு அனுப்பினோம். சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் காலம் கடத்தாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். அதோடு, பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கும் விண்ணப்பித்தோம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஒரு பாடசாலை வகுப்பறையில், மூன்று மத்தியஸ்தர்களின் முன்னால், மதினி தான் தைத்த அந்த வளையம் விழுந்த துணியை மேசையில் விரித்து வைத்து, “இதுதான் ஐயா எனக்குப் படிச்சுக் கொடுத்தது” என்றார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த இரண்டு பக்கங்களைப் பிறகு யாரும் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் தலா 20,000 ரூபாயை இரண்டு தவணைகளில் திருப்பித் தருவதாகப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். முதல் தவணை வந்தது. இரண்டாவது இதை எழுதும் வரை வரவில்லை. மற்றப் பதினேழு பேரில் எவரும் முறைப்பாடு செய்யவில்லை. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டவுனுக்கு வருவதற்கு யாரால் முடியும் என்பது அவர்களுடைய கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த முதல் போதனாசிரியரை ஜூன் மாதம் டிக்கோயாவில் பஸ்ஸில் சந்தித்தேன். அவருக்குச் சுகமில்லாமல் போகவில்லை. நான்கு வாரம் கற்பித்ததற்கு ஒரு சதமும் கொடுக்காததால் நின்றுவிட்டாராம். எங்களைச் சேர்ப்பதற்காக மட்டுமே அவரை வைத்திருந்திருக்கிறார்கள்.

இப்படியொரு வகுப்பில் சேர நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் ஏற்கெனவே நடக்கும் வகுப்பொன்றில் ஓர் அரை மணித்தியாலம் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே போதிய பதில். தலைகளை எண்ணுங்கள், ஓடும் இயந்திரங்களை எண்ணுங்கள். பற்றுச்சீட்டில் பாடநெறி, மணித்தியாலம், ஆட்தொகை, போதனாசிரியர் மாறினால் பணம் திரும்புமா என்பது ஆகியவற்றை உங்கள் முன்னிலையிலேயே எழுதச் சொல்லுங்கள். கழிவுக்கு ஆசைப்பட்டு முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். மாதாமாதம் கொடுத்திருந்தால் நாங்கள் பெப்ரவரியிலேயே நின்றிருப்போம். சிங்களத்தில் இருக்கும் தாளை, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசியுங்கள்.

மதினி இப்போது வேலை முடிந்து வாரம் இரண்டு மாலைகளில் அந்தப் பெரியவரின் கடைக்குச் சென்று காஜா (பொத்தான் துளை) எடுத்துக் கொடுக்கிறார்; அதற்குப் பதிலாக அவர் மெஷினில் உட்கார விடுகிறார். போன வாரம் ஹட்டன் பஸ் நிலையச் சுவரில் புதிய சுவரொட்டி ஒன்றைக் கண்டேன். பெயர் வேறு. மாடியும் தொலைபேசி இலக்கமும் அதேதான். இந்தத் தடவை கேக் ஐசிங் வகுப்பு, ஐந்து பேர் மட்டும்.