பிராக்ஸி போட்டுத் தருகிறேன் என்றவர் என் கணினியில் வைத்துவிட்டுப் போனது

டெஸ்க்டாப்பில் ஒரு பிராக்ஸி கிளையன்ட் (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் நிரல்) போட வேண்டியிருந்தது. சர்வர் முகவரி, போர்ட், பயனர்பெயர், கடவுச்சொல். நாலு பெட்டியை நிரப்புகிற வேலைதான். சோம்பல்பட்டு, இணையத்தில் 'அமைத்துத் தருகிறோம்' என்ற ஒருவரிடம் காசு கட்டி, ரிமோட்டில் கணினியைக் கொடுத்துவிட்டேன்.

நடுவில் விண்டோஸ் ஒரு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டி, ரூட் சான்றிதழ் ஒன்றை, அதாவது எந்தத் தளங்களின் சான்றிதழ்களை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் மூலச் சான்றிதழை, நிறுவட்டுமா என்று கேட்டது. "எல்லாருக்கும் வர்றதுதான் சார், யெஸ் கொடுங்க" என்றார். கொடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

மூன்று நாள் கழித்து வங்கித் தளத்தில், முகவரிப் பட்டை ஓரத்துச் சின்னத்தை எதற்கோ அழுத்திப் பார்த்தேன். சான்றிதழ் வழங்கியவர் என்ற இடத்தில் கேள்விப்படாத ஒரு பெயர். மின்னஞ்சலைத் திறந்தேன், அங்கேயும் அதே பெயர்!

சாதாரண பிராக்ஸிக்கு ரூட் சான்றிதழே தேவையில்லை. பிரவுசர் 127.0.0.1 என்ற நம் கணினி முகவரியில் 1080 போன்ற ஒரு போர்ட்டுக்குப் பேசும், கிளையன்ட் அதை சர்வருக்குத் தள்ளிவிடும். தகவலை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளம் என்றால், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது நடுவில் இருப்பவருக்குத் தெரியலாம், உள்ளே என்ன தட்டுகிறோம் என்பது தெரியாது. அவருடைய ரூட் சான்றிதழை நம் கணினி நம்பிவிட்டால் கதை வேறு. உறையைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பலாம். பிரவுசர் முணுமுணுக்காது. (ஃபிட்லர் மாதிரி நிரலர் கருவிகளும் ரூட் சான்றிதழ் ஒன்றை நிறுவச் சொல்லும், ஆனால் அந்தச் சான்றிதழ் நம் கணினியிலேயே உருவாவது.)

கிளையன்ட்டை நீக்கினேன். உடனே எந்தத் தளமும் திறக்கவில்லை. விண்டோஸ் பிராக்ஸி அமைப்பில் அந்த 127.0.0.1 முகவரி அப்படியே உட்கார்ந்திருந்தது, அதை அணைத்ததும் சரியானது. ஆனால் கிளையன்ட் போனாலும் சான்றிதழ் போகவில்லை. நம்பகமான ரூட் சான்றிதழ்கள் பட்டியலில் தேடித்தான் அழித்தேன். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றினேன். ரிமோட்டில் வேறென்ன வைத்தாரோ என்ற பயத்தில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன்.

சான்றிதழ் எதற்கு என்று அவரிடம் கேட்டேன். "ஸ்பீடுக்கு சார்" என்றார். அப்புறம் பதிலே இல்லை.