எல்கேஜிக்குப் பள்ளி பார்க்கப் போகிறீர்களா? பிள்ளையோடா, பிள்ளை இல்லாமலா?

சேர்க்கை நேரம் வந்தாலே பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

பேச்சு
தனியாக: கட்டணத்தை நிதானமாகக் கேட்கலாம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குழு இருக்கிறது. அது நிர்ணயித்த தொகை என்ன, அதற்கு மேல் வேன், புத்தகம், சீருடைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.
பிள்ளையோடு: பாதிப் பேச்சில் "அம்மா, ஒண்ணுக்கு" என்று கை இழுக்கும்.

அந்தக் கை இழுப்பும் நல்லதுதான். உடனே கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். கழிப்பறை இருக்கை பிள்ளை உட்காரும் உயரமா, குழாய் எட்டுகிறதா, தரை வழுக்குகிறதா, கூட வர ஆயா இருக்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

பிள்ளையின் மனம்
தனியாக: அலைச்சல் இல்லை. கிடைக்காத பள்ளியின் சறுக்குமரத்துக்கு ஏங்கி அழவும் வேண்டாம்.
பிள்ளையோடு: பிறகு சேரும் இடம் பழகிய இடமாகிவிடும். ஆசிரியை குனிந்து பிள்ளையிடம் பேசுகிறாரா, உங்களிடம் மட்டும் பேசுகிறாரா என்று கவனியுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

"பேர் சொல்லு, கலர் சொல்லு" என்று சோதித்தால் உஷாராகுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டிச் சேர்ப்பதற்கு எதிரானது.

நாலைந்து பள்ளி பார்ப்பவர்கள் முதல் சுற்றைத் தனியாகவே முடியுங்கள். மனதில் நின்ற ஒன்றிரண்டுக்கு மட்டும், வகுப்பு நடக்கும் காலை நேரத்தில், சாப்பிட வைத்துப் பிள்ளையை அழைத்துப் போங்கள். புது இடத்தில் ஒட்டிக்கொண்டு அழும் பிள்ளை என்றால், இந்த இரண்டாம் சுற்றைத் தவிர்க்கவே வேண்டாம்.