பீசிஓஎஸ், தள்ளிப்போற பீரியட்ஸ், மூணு மருந்து: பல வருஷ அனுபவம்

காலேஜ் படிக்கறப்பவே எனக்கு பீரியட்ஸ் மாசக்கணக்குல தள்ளிப்போகும், காரணம் பீசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால முட்டை ஒழுங்கா வெளிவராத பிரச்சனை (பீசிஓடின்னும் சொல்வாங்க). இப்போ கல்யாணம் ஆகியாச்சு, நடுவுல மூணு விதமா மருந்து எடுத்திருக்கேன், எது என்ன செஞ்சுது எது செய்யலன்னு என் உடம்புல பார்த்தத சொல்றேன். டோஸ் மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ஸ்கேன் ரிப்போர்ட்ல பாலிசிஸ்டிக்னு வந்ததும் வயித்துல கட்டின்னு வீட்ல எல்லாரும் பயந்துட்டாங்க, ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போச்சு. அது கட்டியே இல்லங்க, முழுசா வளராம பாதியில நின்னுபோன முட்டைப் பைங்க. வெறும் ஸ்கேன வச்சு பீசிஓஎஸ்னு முடிவு பண்ணவும் முடியாது, தைராய்டு, ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கற ஹார்மோன்) ரெண்டும் பார்த்து வேற காரணம் இல்லன்னு தெரிஞ்சுக்கணும். எனக்கு நாள் தள்ளறதோட தாடையில முடி, கழுத்துக்குப் பின்னாடி கருப்பு. அந்த கருப்ப அழுக்குன்னு நினைச்சு அம்மா பீர்க்கங்காய் நார் போட்டு தேய்ச்சு விடுவாங்க. இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அறிகுறி அதுன்னு பாவம் அவங்களுக்குத் தெரியாது.

முதல்ல குடுத்தது மெட்ராக்ஸிப்ரோஜெஸ்ட்ரோன் 10 மில்லிகிராம், பீரியட்ஸ வரவைக்கற ஹார்மோன் மாத்திரை, பத்து நாள் போட்டு நிறுத்தினா ஒரு வாரத்துக்குள்ள வந்துடும். சொன்னபடி வந்துச்சு, ஆனா அடுத்த மாசம் தானா வரல, ஏன்னா மாத்திரைய நிறுத்தினதால வர்ற ரத்தப்போக்குதான் அது, முட்டை வந்ததால இல்ல. அப்போ எதுக்கு போடணும்னு கேப்பீங்க. முட்டை வெளிவரலன்னா ப்ரோஜெஸ்ட்ரோன்ங்கற ஹார்மோன் சுரக்காது, கர்ப்பப்பையோட உள்சுவர் கரைஞ்சு வெளிய போகாம தடிச்சுக்கிட்டே போகும், வருஷக்கணக்குல அப்படியே விட்டா புற்றுநோய் வரைக்கும் போக வாய்ப்பிருக்கு. வராட்டா தொல்லை விட்டுச்சுன்னு நிறைய பொண்ணுங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, மூணு மாசம் தாண்டினா டாக்டர பார்த்துடுங்க. கல்யாணம் ஆனவங்க மாத்திரை போடறதுக்கு முன்னாடி கர்ப்ப டெஸ்ட் எடுத்துடுங்க, பீரியட்ஸ் ஒழுங்கா வராதவங்களும் கர்ப்பமாகலாம்.

அடுத்து ஹார்மோன் மாத்திரை, எத்தினைல் எஸ்ட்ராடியால் கூட ட்ரோஸ்பைரனோன் சேர்ந்தது. மாசாமாசம் டான்னு வந்துச்சு, முகப்பரு நல்லாவே குறைஞ்சுது, தாடை முடி குறைய மட்டும் ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு கர்ப்பத்தடை மாத்திரையான்னு அத்தை கேட்டது எனக்கு ரொம்ப வலிச்சுது. அது குழந்தை பாக்கியத்த கெடுக்காது, ஆனா ரத்தம் உறையற பிரச்சனை, பிபி, கண்ல வெளிச்சம் மின்னி வர்ற ஒத்தைத் தலைவலி இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். நிறுத்தினதும் பழையபடி தள்ளிப்போச்சு. போடற வரைக்கும் பாதுகாப்பு குடுக்குது, குணமாக்காது.

எனக்கு அடிவேர தொட்டது மெட்ஃபார்மினும் (சுகருக்கு குடுக்கற, இன்சுலின் நல்லா வேலை செய்ய உதவற மாத்திரை) சாப்பாட்டு மாத்தமும்தான். ரத்தத்துல இன்சுலின் ஏறி நின்னா சினைப்பை ஆண் ஹார்மோன அதிகமா சுரக்கும், அதனால முட்டை பாதியிலயே நின்னுடும். 500 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க, முதல் சில வாரம் வயித்தால போய் வாய் கசந்து நிறுத்திடலாம்னே தோணுச்சு, மெதுவா கரையற எஸ்ஆர் மாத்திரைக்கு மாத்தி ராத்திரி சாப்பாட்டோட போட்டதும் அடங்கிடுச்சு. ரொம்ப வருஷம் எடுக்கறவங்க பி12 டெஸ்ட் பண்ணிக்கோங்க, குறைய வாய்ப்பிருக்கு.

சோத்த நான் விடல. மூணு வேளையும் இட்லி, சோறு, தோசைன்னு மாவா போறத குறைச்சு, தட்டுல பாதி பொரியலும் கீரையும், கூட சுண்டலோ முட்டையோ வச்சுக்கிட்டேன். கம்பு, கேழ்வரகு நல்லதுதான், ஆனா அதுவும் மாவுச்சத்துதான், அளவில்லாம சாப்பிட்டா பலன் இல்ல. பீசிஓஎஸ்ஸுக்கு இந்த டயட்தான் பெஸ்ட்னு எதுவும் கிடையாதுன்னு 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்லுது, அதனால பீசிஓடிய முழுசா குணமாக்கும்னு ஆயிரக்கணக்குல வாங்கற பவுடருக்கெல்லாம் காசு போடாதீங்க, மனசு கொதிக்குது அந்த விளம்பரங்கள பார்த்தா. எடை அதிகமா இருக்கறவங்களுக்கு அஞ்சு பத்து சதவீதம் குறைஞ்சாலே மாத்தம் தெரிய ஆரம்பிக்கலாம், எனக்கு தெரிஞ்சுது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் பீசிஓஎஸ் வரும், அவங்கள போய் எடைய குறைன்னு சொல்றது நியாயமே இல்ல.

ட்ராக்கர் ஆப்ப தேதி குறிச்சு டாக்டர்கிட்ட காட்ட மட்டும் வச்சுக்கோங்க, அது சொல்ற அடுத்த தேதி நமக்கு சரியா வராது. முட்டை வர்ற நாள் காட்டற கிட்டும் அப்படித்தான், அது பார்க்கறது எல்ஹெச்ங்கற, முட்டைய வெளிவரத் தூண்டற ஹார்மோன, பீசிஓஎஸ்ல அது எப்பவுமே கூட இருக்கலாம், அதனால தப்பா பாசிட்டிவ் காட்டலாம்.

மாத்திரை போட்டு வரவைக்காம தானா பீரியட்ஸ் வந்த அன்னிக்கு நான் அழுதுட்டேன். இப்பவும் சில மாசம் நாப்பது நாள் தாண்டும், ஆனா மூணு மாச இடைவெளி இல்ல. அடுத்து குழந்தைக்கு பார்க்கறோம், ஃபாலிகுலர் ஸ்டடி (முட்டை வளர்றத ஸ்கேன்ல தொடர்ந்து பார்க்கறது) பண்ணி முட்டை வளரலன்னா, முட்டைய வளர வைக்கற லெட்ரோசோல் மாத்திரை ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காங்க, அத எடுத்தா அந்த அனுபவத்தையும் எழுதறேன்.