லாரிக்கு ஜிபிஎஸ்ஸும் டீசல் சென்சாரும் போடலாமா?

நாமக்கல் பக்கம் லாரி வச்சிருக்கவங்க நெறைய பேர் கேக்குறீங்க, அதான் எழுதறேன். வண்டி 12 சக்கரம், வடக்க லோடு போறது. போட்டது பேட்டரி வயர்ல கோக்குற ஜிபிஎஸ், டேங்க்ல ஓட்டை போட்டு எறக்குற, டீசல் மட்டம் பாக்குற ராடு சென்சார், ரெண்டும் ஒரே ஆப்ல தெரியும். கம்பெனி பேரு வேணாம், மார்க்கெட்ல முக்காவாசி ஒரே சாமான்தான், ஸ்டிக்கர் மட்டும் வேற.

வண்டி எங்க போகுதுன்னு தெரிஞ்சா போதும்ங்கறவங்க காச கரைக்காதீங்க. 2021 பிப்ரவரில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதுல இருந்து டோல்ல காசு புடிச்சதும் எந்த டோல், எத்தன மணின்னு போனுக்கே மெசேஜ் வந்துருதுல்ல, ஒரு வண்டி ரெண்டு வண்டிக்காரங்களுக்கு அதுவே போதும். (ஃபாஸ்டேக் வருஷ பாஸ் லாரிக்கு உண்டான்னு ஒருத்தர் கேட்டாரு, அதெல்லாம் சொந்த கார்காரங்களுக்குங்க, நமக்கு ஏது.)

டீசல் சென்சாருக்கு ரெண்டரை ஸ்டார் தரலாம். ஒரு லிட்டர் உருவினாலும் அலர்ட் வரும்னு சொல்லி விப்பாங்க, உருவாதப்பவும் வருது, அதான் தொல்லை. தொப்பூர் கணவாய் எறக்கத்துல டேங்க்குக்குள்ள டீசல் ஒரு பக்கமா ஒதுங்கும், ராடு நட்டநடுவுல இல்லன்னா சர்ருனு கொறஞ்சா மாதிரி காட்டும், சமமான ரோட்டுக்கு வந்ததும் பழைய அளவுக்கே ஏறிக்கும். அத நம்பி டிரைவருக்கு போன் போட்டீங்கன்னா "நம்பிக்கை இல்லன்னா வந்து சாவிய வாங்கிக்கங்க மொதலாளி"ம்பாரு, இப்ப இருக்குற டிரைவர் பஞ்சத்துல அது தேவையா? மாட்டுறப்ப டேங்க காலி பண்ணி கொஞ்சம் கொஞ்சமா அளந்து ஊத்தி கேலிப்ரேஷன் (சென்சார் காட்டுற அளவ சரி பண்றது) பண்ணணும், பத்து நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்ற ஃபிட்டர திருப்பி அனுப்பிருங்க.

ஜிபிஎஸ்ஸுக்கு நாலு ஸ்டார், அதுவும் மேப்புக்காக இல்ல, நிக்குற ரிப்போர்ட்டுக்காக. நமக்கு நஷ்டம் ரோட்டுல இல்லீங்க, குடோன் வாசல்லதான். வண்டி ஓடுற நேரத்த கூட்டணும்னா எங்க நிக்குதுன்னு தெரியணும். இறக்குற எடத்த ஆப்ல வட்டம் போட்டு வச்சா எத்தன மணிக்கு உள்ள போச்சு, எப்ப வெளிய வந்துச்சுன்னு தானா பதிவாகுது. முன்னெல்லாம் ஹால்டிங் (வண்டி காத்துக் கெடந்ததுக்கு காசு) கேட்டா "வண்டி நேத்து சாயங்காலம்தான வந்துச்சு"ன்னு சரக்கு பார்ட்டி ஒரே போடா போடுவாங்க, இப்ப ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல தட்டிவிட்டா பேச்சு ஹால்டிங் உண்டா இல்லையாங்கறத தாண்டி எவ்வளவுங்கறதுக்கு வந்துருது. எந்த பார்ட்டிகிட்ட வண்டி காஞ்சு கெடக்குதுன்னு பாத்து, அடுத்த தடவை வாடகை பேசுறப்பவே அதையும் சேத்து பேசிக்கலாம்.

இ-வே பில்லுக்கும் (சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டு) ஒத்தாச. அது செல்லுறது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு கணக்கு, வழியில பிரேக்டவுன்னா நீட்டிக்கிறதுக்கு கெடு முடியுறதுக்கு முன்ன 8 மணி நேரம், பின்ன 8 மணி நேரம்தான். வண்டி அசையலன்னு அலர்ட் வந்தா ஆபீஸ்ல இருக்குற பையன் அதுக்குள்ள நீட்டிப்பு போட்டுருவான்.

போன்லயே இன்ஜின ஆஃப் பண்ற ரிலே இலவசம்னு சொன்னா வேண்டாம்னுருங்க, பாரத்தோட ஓடுற வண்டில அது பெரிய வில்லங்கம். அப்பறம் ரெண்டாவது வருஷம் சந்தா எவ்வளவு, சிம் சார்ஜ் அதுலயே அடங்குமான்னு வாங்குற அன்னைக்கே பில்லுல எழுதி வாங்கிருங்க.