இரண்டாவது லேப்டாப்புக்குப் ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் கொடுக்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வைஃபையில் இன்னொரு லேப்டாப்பைச் சேர்ப்பதற்குப் பதிவுக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. என் மாமனாரிடம் அந்தப் பெயரில் 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? சிக்னலைக் கூட்டும் ‘பூஸ்டர்’ என்று ஒரு பெட்டிக்கு 180, வீட்டுக்கு வந்து போன கூலி 50. ஆகமொத்தம் 350 வெள்ளி. பினாங்கில் பிறை, செபராங் ஜெயா பக்கம் இன்னும் சில வீடுகளில் இதே வேலை நடந்திருக்கிறது என்று தெரிய வந்ததால் இதை எழுதுகிறேன். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

நடந்தது இதுதான். மகன் ஆறாம் படிவம் படிக்கிறான். எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகம் புகுவதற்கான தேர்வு) படிப்புக்காக அவனுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் ஏற்கெனவே மனைவியின் லேப்டாப், எல்லாருடைய கைப்பேசிகள், டிவி, பிரிண்டர் என்று எல்லாமே ஒரே வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இந்த லேப்டாப்பில் மட்டும் எங்கள் வைஃபையின் பெயரே வரவில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, பின்வரிசை வீடு எல்லாம் வரிசையாகத் தெரிகிறது. எங்கள் வீடு மட்டும் இல்லை. நான் பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். மனைவியும் வேலைக்குப் போயிருந்தாள். பேரன் முகம் வாடுவதைப் பொறுக்காமல் மாமா ஒரு கடைக்குப் போன் போட்டார். அன்று மதியமே ஒரு பையன் வந்துவிட்டான். நம் பையன்தான், நன்றாகத் தமிழ் பேசுபவன்.

“அங்கிள், உங்க லைன்ல ஒரு லேப்டாப்தான் பதிவாகியிருக்கு. ரெண்டாவது சேர்க்கணும்னா சிஸ்டத்துல பதியணும். பதியாம போட்டா லைனை பிளாக் பண்ணிடுவாங்க” என்றிருக்கிறான். பிறகு ரவுட்டரில் எதையோ தட்டி, கைப்பேசியில் யாரிடமோ பேசி, “சரி அங்கிள், அப்ரூவ் ஆயிடுச்சு” என்றானாம். அந்த நடிப்புக்குத்தான் 120 வெள்ளி.

மாமா இதை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வீட்டில் முதன்முதலாக இணையம் வந்த காலத்தில் 1515-க்கு டயல் செய்ய வேண்டும், கணினி இணையத்துக்குள் போனால் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது. பிறகு 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற அகலக்கற்றை இணையம் வந்தது. அப்போதும் பல வீடுகளில் மோடத்தை ஒரே ஒரு கணினியில் நேராகச் செருகி, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்தக் கணினியிலேயே தட்டித்தான் இணைய வேண்டும். இரண்டாவது கணினி வேண்டுமென்றால் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கவேண்டும். ஆக, ஒரு லைனுக்கு ஒரு கணினி என்பது அவர் கண்ணால் பார்த்த உண்மை. காலாவதியான உண்மை, அவ்வளவுதான். நம் ஊரில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேரிடம் இந்த ஞாபகம் இருக்கிறது. அந்தப் பையன் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான்.

இன்றைய ஃபைபர் லைனில் அந்தப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள்ளேயே இருக்கின்றன. நிறுவனத்தின் கண்ணுக்கு உங்கள் வீடு ஒரே இணைப்புதான். வீட்டுக்குள் எத்தனை பேர் குடியிருந்தாலும் தபால்காரருக்கு வாசல் எண் ஒன்றுதானே, அந்த மாதிரி. உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணை ரவுட்டரே கொடுத்துக்கொள்ளும். சாதாரண வீட்டு ரவுட்டரின் அமைப்பில் அப்படி 253 கருவிகள் வரை எண் கொடுக்க இடமுண்டு. அத்தனையையும் ஒரே நேரத்தில் போட்டால் திணறும், அது வேறு கதை. ஆனால் நாம் மாதாமாதம் கட்டுவது வேகத்துக்கு, 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் என்று. லேப்டாப் எண்ணிக்கைக்கு அல்ல. சந்தேகத்துக்கு எங்கள் இணைய நிறுவனத்தையும் அழைத்துக் கேட்டேன். அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை என்றார்கள்.

அடுத்து அந்தப் பெட்டியின் கதை. நான் வேலை முடிந்து வந்தபோது லேப்டாப் இணையத்தில் இருந்தது. மாமா முகத்தில் திருப்தி. மகன்தான் மெதுவாகத் தன் கைப்பேசியை நீட்டினான். வைஃபை பட்டியலில் எங்கள் பெயருக்கும் மேலே, முழு சிக்னலோடு, யாரோ ஒருவருடைய ஹோம்ஸ்தேயின் பெயர். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஹோம்ஸ்தே எதுவும் கிடையாது. பெட்டியின் பக்கத்தில் போனால் சிக்னல் ஏறுகிறது, தள்ளிப்போனால் இறங்குகிறது. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்க ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது, பசை மட்டும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு ரப்பர் காலில் இரண்டு இல்லை. காற்றுத் துளைகளில் தூசி அடைந்து கிடந்தது. பில்லில் என்னவோ ‘பூஸ்டர் பாரு’, அதாவது புதிய பூஸ்டர், என்று கையால் எழுதி, கடை சாப்பும் (முத்திரையும்) குத்தியிருக்கிறது.

அது பூஸ்டரே இல்லை. எங்கோ கழற்றிய பழைய ரவுட்டர். அதன் இரண்டு வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு எங்கள் பெயரை வைத்தவன், 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தை மாற்ற மறந்துவிட்டான். அந்த ஹோம்ஸ்தேயில் தங்கிப்போன யாருக்கும் பழைய பாஸ்வேர்டு தெரிந்திருக்கும். அந்த மாதிரி இடங்களில் பாஸ்வேர்டை சுவரிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள் இல்லையா? அது எங்கள் வீட்டு நெட்வொர்க்கின் கதவாக வந்து நின்றது.

போதாக்குறைக்கு இதை எங்கள் ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டராகவே மாட்டியிருந்தான். அப்படிச் செய்தால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உண்டாகிவிடும். பிரிண்டர் ஒன்றில், மகனின் லேப்டாப் மற்றொன்றில். அவன் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டரைக் காணவில்லை என்று வரும். அதையும் கடையில் கேட்டோம். பிரிண்டர் பழசு, வேறு வாங்குங்கள் என்று பதில் வந்தது.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விட மோசமானது ஒன்று உண்டு. எங்கள் சொந்த ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். வைஃபையில் சேரும்போது போடுகிற பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் உள் அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைத்தான் மாற்றியிருந்தான். வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு வந்த பதில் இது: “அது செக்யூரிட்டிக்கு அண்ணே. எதாச்சும் மாத்தணும்னா சொல்லுங்க, நாங்களே வந்து செஞ்சு தர்றோம். 50 வெள்ளிதான்.”

இப்போது புரிகிறதா வியாபாரம்? 120-ஐ ஒரு தடவைதான் வாங்க முடியும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் அடுத்த டிவி, அடுத்த கேமரா, அடுத்த லேப்டாப் என்று ஒவ்வொன்றுக்கும் 50 வரும்.

உண்மையில் லேப்டாப்புக்கு என்னதான் கோளாறு? எங்கள் தொழிற்சாலையின் ஐடி பிரிவில் இருக்கும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கைப்பேசியில் வைஃபை அனலைசர் ஒன்றை இறக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, உங்க ரவுட்டர் பதிமூணாம் சேனல்ல உக்காந்திருக்கு” என்றார். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மலேசியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் எண்ணிட்ட பாதைகள், உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11-ஓடு நின்றுவிடும். அந்தச் சந்தைக்காகச் செய்த வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு 12, 13 கண்ணிலேயே படாது. எங்களுடையது வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லேப்டாப், 5 கிகாஹெர்ட்ஸும் அதற்குக் கிடையாது. ரவுட்டரோ சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும் ‘ஆட்டோ’ அமைப்பில் இருந்தது. நெரிசல் குறைவான சேனலைத் தேடி 13-க்குப் போய் உட்கார்ந்துவிட்டது. கைப்பேசிகளுக்குத் தெரிந்தது, லேப்டாப்புக்குத் தெரியவில்லை. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்தியிருந்தால் போதும், தே தாரிக் ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதுகூட வேண்டாமென்றால், ரவுட்டரின் பின்னால் சும்மா கிடந்த லேன் துளையில் ஒரு கேபிளைச் செருகியிருந்தாலே லேப்டாப் ஓடியிருக்கும்.

ஆனால் சேனலை மாற்ற அட்மின் பாஸ்வேர்டு வேண்டுமே. அதனால் ரவுட்டரை ரீசெட் செய்ய வேண்டியதாயிற்று. இதை வாசித்துவிட்டு யாரும் ஊசியை எடுத்துக்கொண்டு ரீசெட் துளையைக் குத்தக் கிளம்பிவிடாதீர்கள். ரீசெட் செய்தால் ரவுட்டருக்குள் இருக்கும் அந்த இணையப் பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகக்கூடும். சில லைன்களுக்கு, எந்தச் சேவை என்று பிரித்துக் காட்டும் விலான் எண்ணும் போட வேண்டும். யூனிஃபை இணையத்துக்கு அது 500. முதலில் நிறுவனத்தை அழைத்து இவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் கைவையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். சேனலை 6-இல் நிறுத்தியதும் மகனின் லேப்டாப்பில் எங்கள் வைஃபை வந்துவிட்டது. பிரிண்டரும் வேலை செய்கிறது. பழசு என்றார்களே, அதே பிரிண்டர்தான்.

பிறகு கடை முதலாளியிடம் பேசினேன். தொடக்கத்தில், “டெக்னீஷியன் தனியா செஞ்சது, எனக்குத் தெரியாது” என்றார். பில்லில் உங்கள் கடை சாப்பு இருக்கிறதே என்றதும், பெட்டியை மாற்றித் தருகிறேன் என்று இறங்கி வந்தார். எனக்குப் பெட்டியே வேண்டாம். பழையதைப் புதிது என்று எழுதி விற்பது 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம், கேபிடிஎன் எனப்படும் உள்நாட்டு வர்த்தக அமைச்சில் புகார் கொடுக்கலாம். கூலி வாங்கிச் செய்யும் வேலையை முறையாகச் செய்து தரவேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. இதைச் சொல்லி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி அதன் படத்தை அனுப்பியதும், பெட்டிக்கான 180 வெள்ளி திரும்பி வந்தது. பதிவுக் கட்டணமும் கூலியும், அந்த 170 வெள்ளி, தர மாட்டாராம். வேலை நடந்ததாம்.

170 வெள்ளிக்கு இவ்வளவு பாடா என்று மனைவி கேட்கிறாள். அந்தத் தீர்ப்பாயத்தில், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, வழக்குப் போடக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, படிவத்தை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 வெள்ளிக்கு ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுவதைவிட இது எனக்குத் திருப்தியாக இருக்கிறது. தாக்கல் செய்துவிட்டேன்.

வீட்டுக்கு ஆள் கூப்பிடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக வேலை செய்கிற பையன்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆள் வருவதற்கு முன்பே என்ன கோளாறு, எவ்வளவு ஆகும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு, அவர் முன்னாலேயே ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். அவர் பாஸ்வேர்டைக் கொடுக்க மறுத்தால் நீங்களும் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் கடைப் பெயரோடு எஸ்எஸ்எம் (நிறுவனங்களின் ஆணையம்) பதிவு எண்ணும் இருக்கட்டும், பிறகு வழக்குப் போட அது உதவும். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், நாம் வரும்வரை காத்திருக்கச் சொல்வதே நல்லது.

எங்கள் வழக்குக்கு விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. பிறை வட்டாரத்தில் யாருடைய பில்லிலாவது ‘டாஃப்தார் லேப்டாப்’ (லேப்டாப் பதிவு) என்று ஒரு வரி இருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் கோர வேண்டும், மூன்று ஆண்டுக்குள் கோரலாம். படிவம் மலாயில் இருக்கிறதே என்று தயங்குபவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று சொல்கிறேன்.