உப்பு லாரிகளும் வெக்டோவும்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கனரக வாகனங்களின் எரிபொருள் செலவையும் கரியமில வாயு வெளியேற்றத்தையும் கணிக்க ஐரோப்பிய ஆணையம் உருவாக்கிய வெக்டோ (VECTO) மென்பொருளை, ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு உப்பு ஏற்றிச் செல்லும் லாரிகளின் கணக்குக்காகச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஐரோப்பாவில் பெரிய லாரிகளின் சில பிரிவுகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் இதன் கணக்கீடு கட்டாயம். விரும்புவோர் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதிலுள்ள ஐரோப்பியச் சாலையை எடுத்துவிட்டு நம் சாலையை வைத்தால்தான் இந்த மென்பொருள் நமக்கு உதவும்.

அதில் இரு முறைகள் உண்டு. அதிகாரபூர்வக் கணக்குக்கான அறிவிப்பு முறையில் பயண வகையும் சுமையும் முன்பே நிர்ணயிக்கப்பட்டவை. பொறியியல் முறையிலோ தூரம், வேகம், நிற்கும் நேரம், சாய்வு ஆகியவற்றை வரிவரியாக எழுதிய கோப்பை நாமே கொடுக்கலாம். நான் பயன்படுத்துவது இரண்டாவதைத்தான்.

கோப்பு தயாரிக்கும்போது சாய்வில் மிகுந்த கவனம் வேண்டும். செல்போனின் ஜிபிஎஸ் காட்டும் உயரம் சில மீட்டர் ஏறி இறங்கும். 100 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் பிசகினால், மேடு பள்ளமே இல்லாத நம் கடற்கரைச் சாலையில் 5 சதவீத ஏற்றம் இருப்பதாக மென்பொருள் நம்பி, கியரை இறக்கி, டீசலைக் கொட்டும். ஆகவே சமதரைக்குச் சாய்வைச் சுழியம் என்றே கொடுக்கிறேன். மீன் லாரிகளுக்குக் கணக்குப் போடுவோர் பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தை மட்டும் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

சாய்வு போனபின் மிஞ்சுவன டயரின் உருளல் தடையும் காற்றின் தடையும். மொத்த எடை 28 டன், உருளல் தடைக் குணகம் 0.006 என்று கொண்டால் டயர்கள் ஏறத்தாழ 1,650 நியூட்டன் பின்னிழுக்கும். இழுவைப் பரப்பு (லாரியின் முகப்புப் பரப்பை இழுவைக் குணகத்தால் பெருக்கியது) 6 சதுர மீட்டரானால், 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் பங்கு சுமார் 1,000 நியூட்டன். கச்சான் எனும் மேல்காற்று 18 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசினால் அந்த 1,000 ஏறக்குறைய 1,700 ஆகி, டயரின் தடையையே எட்டிவிடுகிறது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், கணக்கு நேராகிவிடும் என்பார்கள். ஆனால் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், போகும்போது கூடும் அளவுக்குத் திரும்பும்போது குறைவதில்லை. இரு வழியையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிக் காற்றுத் தடை 9 சதவீதம் கூடுதலாகவே இருக்கிறது. அறிவிப்பு முறையோ காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வீசுவதாகக் கொள்கிறது. ஆனி முதல் ஆவணி வரை ஒரே திசையில் அடிக்கும் நம் கடற்கரைக்கு அது பொருந்தாது. பொறியியல் முறையின் கோப்பில் வாகனத்தின் மீது படும் காற்றின் வேகத்துக்கும் கோணத்துக்கும் தனி நிரல்கள் இருப்பது பெரும் உதவி.

வெளியேற்றக் கணக்கில் வெற்று லாரி திரும்பி வருவதை விட்டுவிடக் கூடாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.65 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. எடுத்துக்காட்டாக, 18 டன் லோடுடன் லிட்டருக்கு 4 கிலோமீட்டரும் வெற்றாக 6 கிலோமீட்டரும் ஓடும் லாரிக்கு, போகும் வழியை மட்டும் எடுத்தால் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த 37 கிராம் ஆகும்; வெற்றாகத் திரும்புவதையும் உப்பின் மேல் ஏற்றினால் 61 கிராம். மென்பொருள் ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியாகவே தருவதால், இந்தக் கூட்டலை நாம்தான் செய்ய வேண்டும். திரும்பும் வழிக்கு ஒரு லோடு பிடிப்பது எந்த விலையுயர்ந்த டயரையும் விடப் பயனுள்ளது என்பதை இந்தக் கணக்கே எனக்கு உறுதிப்படுத்தியது.

பெரிய குறை எஞ்சினின் எரிபொருள் வரைபடம். எந்தச் சுழற்சி வேகத்தில், எவ்வளவு முறுக்குவிசைக்கு, எவ்வளவு டீசல் என்று சொல்லும் அந்த அட்டவணை எங்கள் லாரிகளுக்குக் கிடைக்கவில்லை. பொதுவான வரைபடம் ஒன்றை வைத்து, டேங்கை ஃபுல் செய்து ஓட்டி எடுத்த மைலேஜோடு ஒப்பிட்டுச் சரிசெய்திருக்கிறேன். அதனால் மென்பொருள் சொல்லும் மைலேஜை அப்படியே நம்புவதில்லை. ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அது காட்டும் வித்தியாசத்தை நம்புகிறேன். எதிர்க்காற்றில் வேகத்தை 60-லிருந்து 50-ஆகக் குறைத்தால் காற்றுத் தடை கால் பங்கு குறைகிறது. ஆடி மாதத்தில் வழியிலுள்ள சாயல்குடிப் பக்கம் 50-ஐத் தாண்ட வேண்டாம் என்று டிரைவர்களிடம் சொல்வது இந்தக் கணக்கைக் காட்டித்தான். தூத்துக்குடி போய்ச் சேரச் சற்று நேரம் கூடுகிறது, டீசல் மிச்சமாகிறது.