எத்தனை டிகிரி என்று கேட்காதீர்கள்: ஹீட்டிங் பேடுடன் சில வருடங்கள்

வலிக்கிற இடத்தில் வைத்துச் சூடு கொடுக்கும் ஹீட்டிங் பேட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு சூடு ஏறும்?" என்பதுதான். அட்டைப்பெட்டியிலும் அதையே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு என்று முறை வைத்துப் பிடித்துக்கொள்ளும் உடம்போடு சில வருடங்களாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். அந்த எண்ணை நான் இப்போது பார்ப்பதே இல்லை. குறைந்த சூட்டை ஒரே சீராகத் தருகிறதா, வலிக்கிற இடத்தில் படிந்து உட்காருகிறதா, ஒயர் எந்தப் பக்கமிருந்து கிளம்புகிறது, கன்ட்ரோலரை இருட்டில் தடவியே இயக்க முடியுமா என்பவைதான் தினப்படி புழக்கத்தில் கணக்குக்கு வருகின்றன.

சூடு ஏன் அளவோடு போதும் என்பதற்கு நம் தோலிலேயே காரணம் இருக்கிறது. வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று ஓர் ஏற்பி உண்டு. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அதை 1997-இல் அடையாளம் கண்டது. 2021-இல் அவர் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இந்த வழியில் வந்த ஆய்வுக்காகத்தான். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த ஏற்பி வேலையைத் தொடங்கிவிடும், மூளைக்கு வலி என்று தகவல் போகும். ஆகவே அந்த எல்லைக்குக் கீழே இதமாக இருப்பது, மேலே போனதும் எரிச்சலாகிறது. உயர்ந்த அளவில் வைத்தால் என் தோள் தளர்வதற்குப் பதிலாக விறைத்துக்கொள்வதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். மிளகாயின் காரத்தை உணர்வதும் இதே ஏற்பிதான். காரச்சத்து கலந்த வலித் தைலத்தைப் பூசிவிட்டு மேலே பேடைப் போட்டால் தோல் ஏன் பற்றி எரிகிறது என்பது இப்போது புரியும். இரண்டில் ஒன்றுதான்.

தீப்புண் கணக்கு இன்னும் யோசிக்க வைப்பது. எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் தோல் வெந்துபோகிறது என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947-இல் அளந்து வெளியிட்டார்கள். 60 டிகிரியில் ஐந்து வினாடி போதும். அது எதிர்பார்த்ததுதான். 44 டிகிரியே ஆனாலும் சுமார் ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோல் கெட்டுப்போகும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. 44 டிகிரி என்பது சட்டென்று தொட்டுப் பார்த்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும் சூடு. பேடைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. (தூக்கம் வரவழைப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை என்பதுதான் சிக்கலே.) அதனால் தானாக அணையும் வசதி இல்லாத பேடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். இரண்டு மணி நேரத்தில் அணைபவை நிறைய உண்டு. அரை மணி, ஒரு மணி என்று நாமே தேர்ந்தெடுக்க விடுபவை இன்னும் நல்லது.

சரி, குறைந்த சூட்டில் பலன் உண்டா? உண்டு, ஆனால் மிகைப்படுத்த வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2006-இல் வந்த காக்ரேன் மீளாய்வு, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு உடம்பில் சுற்றிக்கொள்ளும் வெப்பப் பட்டை கொஞ்ச காலத்துக்குச் சிறிதளவு வலியைக் குறைக்கிறது என்றது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புதிய இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் செய்து பார்க்கக்கூடியவற்றில் மேற்பரப்பு வெப்பத்தைச் சேர்த்தது. அந்தப் பட்டைகளின் சூடு ஏறக்குறைய 40 டிகிரிதான். அட்டைப்பெட்டியில் 65, 70 என்று போட்டிருப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

மின்சாரப் பேடுக்கு முன்பு மற்ற வகைகளும் என்னிடம் இருந்தன. ரப்பர் வெந்நீர்ப் பை கரண்ட் இல்லாவிட்டாலும் கைகொடுக்கும். ஆனால் தொடக்கத்தில் தாங்க முடியாத சூடு, முடிவில் வெறும் கனம், நடுவில் கொஞ்ச நேரம்தான் நாம் தேடிய இதம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றக் கூடாது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ரப்பருக்கும் வயதாகும். பிஎஸ் 1970 என்ற பிரிட்டிஷ் தரத்தைப் பின்பற்றும் பைகளில் பூ வடிவ முத்திரை ஒன்று இருக்கும். நடுவில் தயாரித்த ஆண்டு, இதழ்களில் மாதம். இரண்டு வருடம் கடந்தால் மாற்றிவிட வேண்டும். ப்ளக்கில் செருகிச் சூடாக்கும் திரவப் பை எனக்குப் பிடிக்கவில்லை: உள்ளே நீர், பக்கத்திலேயே மின்சாரம், ஓரத்தில் ஒட்டிய தையல். சூடாகும்போது உடம்பில் வைக்கவே கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் எல்லா நேரமும் நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. மைக்ரோவேவில் சூடாக்கும் தானியப் பை கழுத்தில் படிவதுபோல் வேறெதுவும் படியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிடத்தில் ஆறிவிடும். சொன்ன நேரத்துக்கு மேல் ஓட்டினால் உள்ளே கருகும், தீப்பிடிக்கவும் கூடும். உள்ளிருக்கும் தகட்டைச் சொடுக்கினால் கட்டியாகிச் சூடேறும் சோடியம் அசிடேட் பை பயணத்துக்கு நல்லது. 54 டிகிரி வரை போகும், துணி சுற்றாமல் வைக்காதீர்கள்.

தட்டையான மின்சாரப் பேடுக்கு வருகிறேன். அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் உள்ளதுதான் என்னிடம் அதிகம் உழைத்தது. இடுப்புக்குக் குறுக்கே, முதுகுக்கு நெடுக்காக, தொடையைச் சுற்றி என்று எப்படியும் போடலாம். சின்ன சதுரப் பேடுகள் வலியின் மையத்தைத் தொடுமே தவிர, அதைச் சுற்றி இறுகியிருக்கும் தசையை விட்டுவிடும். கழுத்துக்கும் தோளுக்கும் என்று வெட்டித் தைத்த வகையை வாங்கினால் ஓரத்தில் எடை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எடை இல்லாதது தோளிலிருந்து எழும்பி நிற்கும், சூடு காற்றுக்குப் போகும். கழுத்துக்கு முன்னால் காந்தப் பொத்தான் இருந்தால், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த மாடலைத் தவிர்க்க வேண்டும். இடுப்பு பெல்ட் வகை உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு வசதி, ஆனால் வெல்க்ரோ ஒரு வருடத்தில் பஞ்சு பிடித்துப் பிடிமானம் இழக்கும்.

யுஎஸ்பியில் ஓடும் பேடுகளுக்கு ஒரு சின்ன கணக்கு. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். சுவர் ப்ளக்கில் ஓடுபவை பெரும்பாலும் 50 முதல் 100 வாட் வரை. அகலமான முதுகை 10 வாட்டில் சூடாக்க முடியாது. மணிக்கட்டுக்கும் மாதவிலக்கு நாட்களில் அடிவயிற்றுக்கும் அது போதும். மின்கட்டணத்தை நினைத்துத் தயங்குபவர்களுக்கு: 60 வாட் பேடை இருபது நிமிடம் ஓட்டினால் 0.02 யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஐம்பது ஒத்தடம்.

அகச்சிவப்பு, கல் பதித்தது, எலும்பு வரை ஊடுருவும் என்றெல்லாம் சொல்லி விற்பவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். சூடாக இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடும், உங்கள் உள்ளங்கை உட்பட. தொலை அகச்சிவப்புக் கதிரைத் தோலின் மேலடுக்கே உறிஞ்சிக்கொள்ளும், ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாது. அதன்பின் சூடு திசு வழியாக மெதுவாகக் கடத்தப்பட்டு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே போகும், சாதாரணப் பேடில் நடப்பதும் அதுவேதான். கல் பதித்த பேடு நன்றாக இருக்கிறது என்றால் காரணம் அதன் கனம். உடம்போடு அழுந்திப் படிகிறது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கிறது. அதற்காக வாங்குங்கள், எலும்புக்காக வேண்டாம்.

இனி கன்ட்ரோலர். நாள்பட நாள்பட நான் அதிகம் எரிச்சல்பட்டதும், நிம்மதியடைந்ததும் இந்தச் சின்னப் பெட்டியால்தான். சில மாடல்கள் ஒவ்வொரு முறை போடும்போதும் உச்ச அளவில்தான் தொடங்கும். நாம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு இது ஆபத்து. கீழிருந்து தொடங்குவதையோ, போன முறை வைத்த அளவை நினைவில் வைத்திருப்பதையோ தேடுங்கள். தொடுதிரை போன்ற வழவழப்புப் பலகையைவிட, மேலும் கீழும் தள்ளுகிற சுவிட்ச் நூறு மடங்கு மேல்: குப்புறப் படுத்திருக்கும்போது கண்ணால் பார்க்காமலேயே இயக்கலாம். நீல விளக்கு அறை முழுக்க வெளிச்சம் போடும் மாடலுக்குக் கறுப்பு டேப் ஒட்ட வேண்டியிருக்கும், விளக்கின் மேல் மட்டும். ஒயர் பேடின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்பதை விளம்பரப் படத்தில் யாரும் கவனிப்பதில்லை. கட்டிலுக்கு எந்தப் பக்கம் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் கிளம்பினால் ஒயர் உடம்புக்குக் குறுக்கே ஓடும், திரும்பிப் படுக்கும்போதெல்லாம் இழுபடும்.

இழுபடும் இடத்தில்தான் பேடின் ஆயுள் முடியும். சூடேற்றும் கம்பி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ஒயர் பேடுக்குள் நுழையும் இடமும், கழற்றி மாட்டும் இணைப்பும்தான் முதலில் தளர்கின்றன. வாங்கும்போது அந்தக் கழுத்துப் பகுதியில் ரப்பர் உறை நீளமாக, வளையக்கூடியதாக இருக்கிறதா பாருங்கள். பயன்படுத்தி முடித்ததும் ஒயரைக் கன்ட்ரோலரைச் சுற்றி இறுக்கமாகக் கட்டாமல் பெரிய வளையமாகத் தொங்கவிடுங்கள். பேடையும் நாலாக மடித்து அலமாரியில் திணிக்காமல் தளர்வாகச் சுருட்டி வைத்தால் போதும். இணைப்பை அசைத்தால்தான் விளக்கு எரிகிறது என்ற நிலை வந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். துணியில் பழுப்புக் கறை, ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருப்பது, பிளாஸ்டிக் வாசனை, இவற்றுக்கும் அதே பதில்தான்.

புதுப் பேட் வந்ததும் நான் செய்யும் சோதனை ஒன்றுண்டு. தட்டையாக விரித்து, நடு அளவில் பத்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். சூடு கோடு கோடாகத் தெரிந்தால் கம்பிகளுக்கு இடையே தூரம் அதிகம் என்று பொருள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் திருப்பிவிடுவேன். ஐஇசி 60335-2-17 என்பது இத்தகைய வளையும் சூடேற்றிகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம். அதைக் குறிப்பிடாத, தயாரித்தவர் பெயரே இல்லாத பேடைத் தொடுவதில்லை. துவைப்பதைப் பொறுத்தவரை, உறை தனியாகக் கழன்று வருவதே நல்லது. முழுப் பேடையும் நனைக்கலாம் என்று சொல்லும் மாடல்களிலும் இணைப்பு முழுக்க உலர்ந்துவிட்டது என்று உறுதியாக நம்புவதற்கு நாள் பிடிக்கிறது. ஈர ஒத்தடத்துக்கென்று கூடவே வரும் பஞ்சைத் தொடக்கத்தில் ஆர்வமாக நனைத்தேன். சூடு சீக்கிரம் உடம்புக்குள் இறங்குவது உண்மை. பிறகு அந்தப் பஞ்சு எங்கே போனதென்றே தெரியவில்லை, தேடவும் இல்லை.

பயன்படுத்தும் முறையில் எனக்குப் படிந்துபோனது இது: மெல்லிய துணிக்கு மேல், தாழ்ந்த அளவில், பதினைந்து இருபது நிமிடம். பேடை உடம்பின் மேல் போட வேண்டும். அதன் மேல் ஏறிப் படுத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். எடுத்த கையோடு கழுத்தையும் இடுப்பையும் மெதுவாக நீட்டி மடக்கும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் வலியுறுத்தியது இதைத்தான்: தசை தளர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை வீணாக்காதீர்கள் என்றார். பேடை மட்டும் போட்டுவிட்டு அசையாமல் கிடந்த நாட்களில் மறுநாள் காலை பிடிப்பு அப்படியே திரும்பியது.

எல்லா வலிக்கும் இதை எடுக்காதீர்கள். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாளாவது சூடு கூடாது. காரணம் தெரியாமல் ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக்குழாய்க்குள் ஏற்பட்ட இரத்த உறைவாக இருக்கலாம், மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சல் என்று எது வந்தாலும் அப்படியே. தோலில் ஒட்டும் வலிமருந்துப் பட்டையின் மேல், குறிப்பாக ஃபெண்டனில் பட்டையின் மேல், பேடை வைத்தால் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் கலக்கும், உயிருக்கே ஆபத்து. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார், எவ்வளவு கேட்டாலும் அவர் பாதத்துக்கு மட்டும் பேடைக் கொடுப்பதில்லை. தினமும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைப்பவர்கள் அவ்வப்போது கண்ணாடியில் முதுகைப் பாருங்கள். மீன்வலை போலப் பழுப்புக் கோடுகள் படர்ந்திருந்தால் அதற்கு எரித்தீமா அப் இக்னே என்று பெயர், சூட்டால் வருவது. உடனே நிறுத்தினால் பெரும்பாலும் மெதுவாக மங்கும். நீண்ட காலம் தொடர்ந்தால் நிறம் அப்படியே தங்கிவிடலாம்.

கடைசியாக, உங்கள் பழைய பேடை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், நீங்களும் மற்றவரிடம் வாங்காதீர்கள். உள்ளே கம்பி எங்கே மடிந்திருக்கிறது, இணைப்பு எத்தனை முறை இழுபட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நான் ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஒயரைக் கத்தரித்த பிறகுதான் மின்கழிவோடு போடுகிறேன். ஒயரோடு போட்டால் "நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள்.